மாதிரி வீட்டுக்காரி

வெயிலில் ஓடும் வீட்டை யாரும் வாங்கவில்லை. வந்தவர்களும் கூரையில் இருந்த சோலார் பலகைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழைக்காலத்துல என்ன, மெழுகுவத்தி ஏத்திக்கிறதா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கம்பெனி யோசித்தது. வீடு விற்க வேலைக்கு வைத்திருந்த பெண்ணையே புருஷனோடு மாதிரி வீட்டில் குடிவைத்தது. "நீயே வாழ்ந்து காட்டும்மா" என்றார் மேலாளர்.

வாழ்ந்து காட்டினாள். வந்தவர்கள் கண்ணெதிரே துணி துவைக்கும் மெஷினைப் போட்டாள், மிக்ஸியை ஓட்டினாள், இஸ்திரிப் பெட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்தாள். "சுவரைத் தொட்டுப் பாருங்க. வெளியே மண்டை பிளக்குது, உள்ளே சில்லுன்னு இருக்கா? நடுவுல பஞ்சு மாதிரி ஒண்ணு வச்சுக் கட்டியிருக்கு. ஜன்னல் கண்ணாடியும் ரெண்டடுக்கு." பஸ் டிரைவர் வாங்கினார், நர்ஸ் வாங்கினார், காய்கறிக் கடைக்காரர் தன் தம்பியையும் இழுத்துவந்தார். தெரு நிறைந்தது, அடுத்த தெருவிலும் கட்ட ஆரம்பித்தார்கள்.

புருஷனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் ஜெனரேட்டர் மெக்கானிக். பட்டறை இந்த வீடுகள் வருமுன்பே படுத்துவிட்டது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டவ" என்று முதலில் கன்னத்தில் அறைந்தான். பிறகு பெல்ட். ஒருநாள் தலைமுடியைப் பிடித்துச் சமையல் மேடையில் மோதினான், புருவம் கிழிந்தது. அவள் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்குக்கூட எட்டவில்லை. சூட்டை மறித்த சுவர் சத்தத்தையும் மறித்தது. விடிந்ததும் பவுடரை அப்பிக்கொண்டு சிரித்த முகமாய்க் கதவைத் திறப்பாள்.

கடைசியில் ஒரு மத்தியானம், வீடு பார்க்க ஒரு தம்பதி படியேறும்போது மேலே கண்ணாடி நொறுங்கியது. கூரையில் அவன் பைப் ஸ்பானரால் பலகைகளை உடைத்துக்கொண்டிருந்தான். அவள் ஏணியில் தாவி ஏறினாள்.

"விடுங்க! ஐயோ, விடுங்க!"

ஸ்பானர் அவள் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வலி உச்சந்தலைக்கு ஏறியதில், இத்தனை வருஷம் நாக்கில் ஒட்டியிருந்த மரியாதை உதிர்ந்துபோனது.

"அடிடா பார்ப்போம்!"

பலகை கழுவும் நீளக் கம்பை இடது கையால் எடுத்து அவன் முழங்காலில் வீசினாள். திரும்பவும் வீசினாள். அடுத்த அடி வாயில் விழுந்தது. ரத்தம் துப்பிக்கொண்டே பின்வாங்கியவன், கண்ணாடித் தூளில் சறுக்கிக் கூரையிலிருந்து முற்றத்தில் விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கியது.

வீடு பார்க்க வந்த பெண்தான் போலீஸைக் கூப்பிட்டு, தன் துப்பட்டாவை எடுத்து அவளுடைய முறிந்த கைக்குக் கட்டுப் போட்டாள். ஓடிவந்த மேலாளர் காதோரம் கெஞ்சினார்: "தவறி விழுந்தான்னு சொல்லிடும்மா. வீட்டுக்குப் பேர் கெட்டுடும்."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூரையில் நடந்தது, சமையலறையில் நடந்தது, தான் அடித்தது, எல்லாவற்றையும் போலீஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கட்டுப் பிரிக்கும் முன்பே வேலைக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார் போன் செய்தாள். "எந்திரிக்க முடியாமக் கிடக்கிறான்டி. எல்லாத்துக்கும் ஆள் வேணும். வந்து பாரு, என்ன இருந்தாலும் புருஷன்தானே?"

"உங்க பிள்ளையை நீங்களே பாத்துக்கங்க அத்தை. எனக்கு வீடு பார்க்க ஆள் வந்திருக்கு."

போனை வைத்தாள். கட்டுப் போட்ட கையாலேயே கதவை அகலத் திறந்து, "வாங்க, உள்ளே வாங்க" என்றாள்.