மாப்பிள்ளையைத் தேடிய மாப்பிள்ளை

சத்தம் கூடிப்போனால் நான் என்னைவிட்டு மெல்ல நழுவிவிடுவேன். விழுப்புரம் ஸ்டேஷனில் இன்ஜின் ஊதினால் போதும், பெட்டியோடு நிற்கிற என்னைச் சற்றுத் தள்ளி நின்று யாரோபோலப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் கூட்டம் என்று ஒன்றாகப் பார்ப்பதை நான் செருப்பு, குடுமி, குடை என்று தனித்தனியாகப் பார்ப்பேன். அத்தனையும் உள்ளே வந்து உட்கார்ந்தால் எனக்கு இடம் ஏது?

யுத்த காலத்தில், திண்டிவனத்தில் எனக்குக் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்கியது, கேஸ் லைட் இரைந்தது, அட்சதையின் ஒவ்வோர் அரிசியும் தனியே மின்னியது. நான் பந்தல் கீற்றோரம் மிதந்தேன். கீழே ஒருவன் தாலியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். இந்த மாப்பிள்ளை ஏன் இன்னும் கட்டவில்லை என்று ஊரோடு சேர்ந்து நானும் காத்திருந்தேன். அவன்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பெண்ணின் தகப்பனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பையனுக்கு இஷ்டம் இல்லீங்களா?" என்று என் அப்பாவைக் கேட்டார்.

பின்னால் நின்ற அக்கா முதுகில் குத்தினாள். "யாரடா பாத்துக்கினு குந்தியிருக்கறே? மாப்பிள்ள நீதான்டா!"

குத்து அவனுக்குத்தான் விழுந்தது.

அப்போது பெண் தலை நிமிராமல் முணுமுணுத்தாள். "கழுத்து வலிக்குதுங்க."

அத்தனை மேளத்துக்கும் அடியில் அந்தக் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து முடிச்சுப் போட்டேன்.

மத்தியானம் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்டாள். "அப்ப எங்க போய்ட்டீங்க?"

"பந்தல் மேல."

"அங்கேருந்து பாக்கறப்ப நான் எப்பிடி இருந்தேன்?"

"நீ நல்லாத்தான் இருந்தே. மாப்பிள்ளதான் சுமார்."