கிளம்பும்போது வரும் குலுக்கல்

ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றி அந்த மாதம் வந்த நான்காவது புகார் அது. பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கும் மெக்கானிக் அலுப்போடு வந்து நின்றார்.

"அண்ணே, கிளம்பறப்ப ஒரு குலுக்கு குலுக்குது. தையல் போட்டவங்க அலறிடறாங்க. ஸ்பீடைக் குறைங்களேன்" என்றாள் நர்ஸ்.

முன்பு வந்த மூன்று தடவையும் வேகத்தைப் பார்த்தார். செகண்டுக்கு ஒரு மீட்டர். சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். லிஃப்டில் ஏறிப் பார்த்ததில்லை. வேலைக்காக அதில் யாரையும் ஏறவிடாமல் வைத்துவிட்டு, மொட்டை மாடிக்கு எப்போதும் படியில்தான் ஏறுவார்.

இன்று மூட்டு ஒத்துழைக்கவில்லை. லிஃப்டிலேயே ஏறினார். கிளம்பிய கணத்தில் முழங்காலில் சுருக்கென்றது. அதே வேகத்தில் ஆறு மாடி ஏறியபோது ஒன்றுமே தெரியவில்லை. நிற்கும்போது மறுபடியும் சுருக்.

மொட்டை மாடி மெஷின் ரூமில், வேகம் காட்டும் பெட்டிக்கு முன்னால் செல்போனை வைத்தார். கீழே நர்ஸைப் பட்டன் அழுத்தச் சொல்லி வீடியோ எடுத்தார். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், பூஜ்யத்திலிருந்து ஒரு மீட்டர் வேகத்துக்கு வர அரை செகண்டுதான் ஆகிறது; நிற்கவும் அதே அரை செகண்டுதான். கூடிய வேகம் ஒன்று. அரையால் வகுத்தால் இரண்டு. முடுக்கம் இரண்டு! வேகத்தில் தப்பில்லை, அதை எட்டுகிற அவசரத்தில்தான் தப்பு. கிளம்பவும் நிற்கவும் இரண்டிரண்டு செகண்டு ஆகும்படி மாற்றினார். முடுக்கம் அரையாக இறங்கியது.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார்.

"லிஃப்ட் ஸ்லோவாயிடுச்சாமே? டாக்டருங்க சத்தம் போடறாங்க."

"ஒரு தடவைக்கு ஒன்றரை செகண்டுதான் சார் கூடுது."

"முன்னாடி மூணு தடவை வந்தப்ப என்ன பண்ணுனீங்க?"

மெக்கானிக்குக் காது சூடானது. "வேகத்தை மட்டும்தான் சார் பார்த்தேன்."

 மேனேஜர் வேலை முடிந்த பேப்பரை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே நர்ஸ் ஒரு ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். அவரும் ஏறிக்கொண்டார். லிஃப்ட் கிளம்பியும், வயிற்றில் கட்டோடு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அம்மாள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"தேவலைண்ணே" என்றாள் நர்ஸ் மெல்ல.

சந்தோஷப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்தபடி, முதல் புகார் வந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தார். இருபத்து மூன்று.