காற்றோட்டமா, கடைத்தெருவா?

"டாக்டரம்மா கெட்டிக்காரியாத்தான் இருப்பாங்க. ஆனா அவங்க வீடு வரைக்கும் நடக்கிற தெம்பு இருந்தா, நமக்கு எதுக்குடி டாக்டரு?"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் இப்படிச் சொன்னாள். அந்த டாக்டரம்மா மூலையில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தன்னை அறிமுகம் செய்துகொள்ள அவளுக்கு, அதாவது எனக்கு, வாய் வரவில்லை.

வைத்தியத் தொழிலில் நோயை நாம் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். நோயாளி நம்மைக் கண்டுபிடிக்க வேண்டும், அது மீதி. இந்த மீதியை மெட்ராஸில் படித்தபோது யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஊர் நடுவில் குடியிருப்பதா, ஊர் ஓரத்தில் குடியிருப்பதா என்று வீடு தேடி அலைந்தவர்களே, நான் பட்டதைக் கேட்டால் நீங்கள் பட்டது லேசாகத் தோன்றும்.

சுத்தமான காற்று

எனக்கு மனிதர்களைக் கண்டால் பயம். டாக்டருக்கு இது நல்ல லட்சணம் இல்லை. ஆகவே அந்தப் பயத்துக்குக் காற்றோட்டம் என்று பெயர் வைத்து, விழுப்புரம் ரயில்வே கேட்டுக்கு அப்பால், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு வீட்டைப் பிடித்தேன். திண்டிவனத்தில் இருந்த அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். துணைக்கு அம்மா என்னோடு இருப்பாள். தை அறுவடைக்குள் தொழில் நிலைக்காவிட்டால் அம்மாவைத் திரும்ப அழைத்துக்கொள்வார். கல்யாணமாகாத பெண் தனிக்குடித்தனம் நடத்த முடியாது. அம்மா போனால் நானும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

காற்று வந்தது, வெளிச்சம் வந்தது, நோயாளிகள்தான் வரவில்லை. மருந்துப் புட்டிகளை உயரப்படி அடுக்கினேன். பிறகு கலைத்து நிறப்படி அடுக்கினேன். ஒருநாள் வாசலில் குரல் கேட்டு ஓடினேன். பக்கத்துக் கொல்லைக்காரர் சினைப் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மனிதர்களுக்குத்தான் வைத்தியம் படித்தேன் என்று மெல்லச் சொன்னேன். அவர் என்னையும், காலி பெஞ்சியையும், புட்டிகளையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்மாதானேம்மா உக்காந்துகினு இருக்கீங்க? இதையுந்தான் பாருங்களேன்!"

கடைத்தெரு மாடி

சரி, ஊருக்குள்ளேயே போவோம் என்று கடைத்தெருவில் ஒரு மாடிக்குக் குடிபோனோம். அம்மாவுக்கு அது சொர்க்கம். கீரை வாசலுக்கு வந்தது, பூ வாசலுக்கு வந்தது, கோயில் மணி சமையலறைக்கே கேட்டது. எனக்கோ மாடிப்படியில் இறங்கினால் கடைத்தெரு முழுவதும் என்னையே பார்ப்பதாகத் தோன்றும். உண்மையில் அவர்கள் இட்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கீழே காபி கிளப்.

தரை பலகையால் ஆனது. மேலே பேசுவது கீழே கேட்கும் என்பது, முதல் நோயாளி வந்த அன்றுதான் தெரிந்தது. துணிக்கடைக்காரரின் மனைவி கூச்சத்தோடு தன் வயிற்று உபாதையைச் சொன்னாள். என்ன மருந்து கொடுக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, காபி கிளப்பிலிருந்து ஒருவர் என்னைவிடத் திடமான குரலில் சொன்னார்: "ஓமத்தண்ணி குடுங்க டாக்டரம்மா, ஜல்தியா நின்னுடும்!"

வளையல் வாங்கியவள்

மாடி சன்னலிலிருந்து வேடிக்கை பார்ப்பதே என் முக்கியமான தொழிலாக இருந்தது. எதிரே ஒரு வளையல் கடை. சந்தைக்குச் சந்தை ஒரு கிராமத்துப் பெண், ஐந்தாறு மாதக் கர்ப்பிணி, அந்தக் கடை முன்னால் வெகுநேரம் நிற்பாள். எங்கள் மாடிப்படியைப் பார்ப்பாள், காபி கிளப்பைப் பார்ப்பாள், வளையல் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். புருஷன் தாராள மனசுக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் கூர்மையான பார்வை பற்றிக் கல்லூரியில் பெருமையாகச் சொல்வார்கள்.

ஒருநாள் பிரசவம் ஒன்று பார்த்துவிட்டு வண்டிப்பேட்டை வழியாகத் திரும்பினேன். யுத்த காலம், கரியில் ஓடும் பஸ்ஸை நம்பாமல் எல்லோரும் மாட்டு வண்டியில்தான் வருவார்கள். மல்லாட்டை மூட்டையோடு ஆண்கள் மண்டிக்குப் போய்விடுவார்கள். விலை படியும் வரை பெண்கள் வண்டி நிழலில் நாள் முழுதும் காத்திருப்பார்கள். அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள் அந்த வளையல் வாங்கும் பெண். பெயர் அஞ்சலை. முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்ததும் இறந்துவிட்டனவாம். இது மூன்றாவது. பின் ஏன் மேலே வரவில்லை என்று கேட்டேன்.

"அத்தினி ஆம்பளைங்க பாத்துகினு இருக்கசொல்ல எப்டிம்மா படி ஏறுறது? உங்களப் பாக்க வந்து வந்து, கையெல்லாம் வளையலாப் போச்சு."

மூன்றாவது வீடு

வண்டிப்பேட்டைக்கு எதிரிலேயே ஒரு வீடு காலியாக இருந்தது. எப்போதும் காலியாகத்தான் இருக்குமாம். அடுத்த வாரமே அங்கே குடிபோனோம். ஊர் நடுவும் இல்லை, ஊர் ஓரமும் இல்லை. காற்று வரும், சாணியோடு வரும். அம்மா உள்ளே வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவை காத்துன்னே, ஒரு தடவை கடைன்னே. இப்ப ரெண்டும் இல்லாம மாட்டு மூத்திரத்துல கொண்டாந்து வச்சுட்டியேடி!"

அப்பா வந்தார்

வண்டி நிழலில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். அஞ்சலை சந்தை தவறாமல் வந்தாள். ஆனால் பாதிப் பேர் பீஸுக்குப் பதில் மல்லாட்டை கொண்டுவந்தார்கள். அறுவடை முடிந்து அப்பா வந்தபோது கூடத்தில் இருந்தது அந்தக் குவியல்தான். "இதுக்கா படிக்க வச்சேன்?" என்றார். ஜட்கா பிடித்து வந்து, அம்மாவின் பெட்டி படுக்கையை ஏற்றிக் கயிறு கட்டினார். அம்மா ஏறி உட்கார்ந்தாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது வண்டி ஒன்று வேகமாக வந்து வாசலில் நின்றது. அதில் அஞ்சலை, வலியோடு. கூட வந்த மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டையும் ஊர்லயே பறிகுடுத்துட்டோம்மா. இத்த உங்க கையில குடுத்துட்டேன்."

அம்மா ஜட்காவிலிருந்து இறங்கி வந்து அஞ்சலையின் தோளைத் தாங்கிக்கொண்டாள். "அப்பா, வெந்நீர்!" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். அப்பாவுக்கு நான் இட்ட முதல் உத்தரவு. அடுப்பு மூட்டத் தெரியாத அவர் கூடம் முழுதும் புகையாக்கினாலும், வெந்நீர் வந்தது.

குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது. அழவில்லை. வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், வாயில் மூச்சை ஊதினேன். மறுபடி ஊதினேன். அதற்கு என்ன கோபமோ, பேட்டை மாடுகள் மிரளும்படி வீறிட்டது.

வெளியே ஜட்காக்காரர் பொறுமை இழந்தார். "சாமி, ரயிலு பூடும், ஜல்தி வாங்க!"

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கயிற்றை அவிழ்த்து, அம்மாவின் பெட்டியைத் தானே தோளில் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்.