கேட் கண்ணில் படும்வரை

காலை ஷிஃப்ட் பஸ். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எழுந்த பனி, ஜன்னலுக்கு வெளியே ஊரையே காணாமல் ஆக்கியிருந்தது. பஸ் ஓடுவதாகவே தெரியவில்லை, மிதந்தது.

சனிக்கிழமை எனக்கு பைலட் தேர்வு. மூன்றாவது முயற்சி. மடியில் புத்தகம்.

மேகத்துக்குள் இறங்கும் விமானம், ஓடுதளம் கண்ணில் படாமலேயே எவ்வளவு தாழ வரலாம் என்று ஒரு கேள்வி. வழிகாட்டும் கருவியின் கணக்கில் இருநூறு அடி. சுற்றியுள்ள கட்டடங்களின் கணக்கில் முந்நூற்று நாற்பது. வழக்கம்போல் இருநூறை டிக் செய்தேன். எப்படியாவது இறங்கிவிட வேண்டும் என்ற ஆசைதான்.

பக்கத்து சீட்டில் எங்கள் ஃபேக்டரியின் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஜெனிபர் அக்கா. எட்டிப் பார்த்தார். விளக்கினேன்.

“ரெண்டு லிமிட் குடுத்தா எது டைட்டோ அதத்தானே எடுக்கணும்? லைன்ல டெய்லி அதத்தானே பண்ணிகினு கீறோம்?”

இரண்டு தடவை நான் கோட்டைவிட்ட கேள்வி. இருநூறை அழிக்க ரப்பரைத் தேடினேன்.

“செரி, அந்த ஹைட்லயும் ஒண்ணும் தெரியலன்னா இன்னா பண்ணுவ?”

“இறங்கக் கூடாதுக்கா. திரும்ப மேல ஏறிடணும்.”

அக்கா வெள்ளை ஜன்னலைக் காட்டினார். “நம்ம பஸ்ஸுக்கும் இந்த ரூல் இருந்தா நல்லாருக்கும்ல? கேட் தெரியலன்னா அப்டியே வூட்டுக்குத் திரும்பிடலாம்.”

ஒரகடம் வந்தது. கம்பெனி கேட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. பஸ் மெல்லத் திரும்பியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியல, தெரியல” என்று கிசுகிசுத்தார். எனக்கும் தெரியவில்லை. ஒரு கணம் சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன என்றே நினைத்தேன்.

கடைசி நொடியில் செக்யூரிட்டியின் டார்ச் தெரிந்தது. இறங்கினோம்.

இன்று உங்களில் எத்தனை பேருக்குக் கேட் தெரிந்து தொலைத்தது?