பலாவிலைக் கடுக்கன்

சீட்டு என்றால் எங்கள் ஐயாவுக்கு ஆகவே ஆகாது. மலாயாவில் வேலை பார்த்த அண்ணை லீவில் வந்து கலியாணம் முடித்தபோது ஒரு சீட்டுக்கட்டும் கொண்டுவந்திருந்தார். "குடும்பம் நடத்திற வீட்டிலை உது என்னத்துக்கு?" என்று ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். லீவு முடிந்ததும், அங்கே ஒரு வீடு பார்த்துவிட்டுப் புதுப் பெண்சாதியை, எங்கள் மச்சாளை, கூப்பிடுகிறேன் என்று சொல்லி அண்ணை கப்பல் ஏறினார். கட்டு அலுமாரிக்குள் போய்விட்டது.

பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றுபோயிற்று. இங்கே அரிசிக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்கு வரிசை. அதெல்லாம் ஒரு கஷ்டமா? மச்சாளின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டுவாள். ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் தபால்காரனோ என்று விளக்குமாற்றோடு வாசல் படலைக்கு ஓடுவாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கை கழுவிவிடுவாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள்.

ஒருநாள் பின்னேரம் ஐயா புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து, அலுமாரியைத் திறந்து அந்தக் கட்டை எடுத்தார். விறாந்தையில் பாயை விரித்தார்.

"பிள்ளை, உதை எப்பிடி விளையாடுறதெண்டு ஒருக்காக் காட்டு பாப்பம்" என்றார் மச்சாளிடம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். மனிசனுக்கு மூளை பிசகிவிட்டதோ என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

முந்நூற்றுநாலு விளையாட நாலு பேர் வேண்டும், இரண்டு இரண்டு பேராகக் கூட்டு. அண்ணை மச்சாளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார், அவள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஐயாவும் அவளும் ஒரு கட்சி, அம்மாவும் நானும் மறுகட்சி. விளக்குக்கு எண்ணெய் இல்லாதபடியால் பொழுது சாயும்வரைதான் ஆட்டம். சண்டைக் காலத்தில் புதுக் கட்டு ஏது? சீட்டுகள் எல்லாம் நைந்து, எந்தச் சீட்டு எது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். விரதம் ஒன்றும் தவறவிடாத எங்கள் அம்மா சீட்டில் அப்படியொரு கள்ளி என்று அப்போதுதான் தெரிந்தது.

தோற்றவர்களுக்குத் தண்டனை உண்டு. பலாவிலையைச் சுருட்டி நூலில் கட்டிக் காதில் தொங்கவிட வேண்டும். அதற்குக் கடுக்கன் பூட்டுவது என்று பெயர். அடுத்த ஆட்டம் வெல்லும்வரை கழற்றக் கூடாது. அம்மாவின் காதில் மச்சாள் முதல்முறை பூட்டிய அன்று, அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் காட்ட, மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! அதன்பிறகு அம்மா தன் கள்ளத்தை எல்லாம் தோற்பதற்குத்தான் செய்தாள். எனக்கும் கண்ணைக் காட்டுவாள். நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தோற்பது லேசான காரியமில்லை.

"புருசன் இருக்கிறானோ இல்லையோ தெரியாது, இவ சீட்டுப் போடுறா" என்று வேலிக்கு அப்பால் சிலர் கதைத்தார்கள். அவர்கள் வாயில் மண் விழ. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் எங்களில் ஒருவருக்காவது பைத்தியம் பிடித்திருக்கும்.

சண்டை ஒருவழியாக முடிந்தது. மலாயாப் பக்கமிருந்து ஆட்கள் ஒவ்வொருவராய் ஊருக்கு வரத் தொடங்கினார்கள். மச்சாள் தன் கூறைச்சேலையை வெயிலில் காயவிட்டு மடித்து வைத்தாள்.

ஒருநாள் காலை, எரு பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஐயா சைக்கிளில் போனார். பின்னேரம்தான் வந்தார். தலை ஈரமாக இருந்தது. வேட்டி முழுக்க நனைந்து, வந்த காற்றில் பாதி காய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"என்ன இது கோலம்?" என்றாள் அம்மா.

"வெக்கை தாங்கேலாமல் ஒருக்காக் குளிச்சனான். வாங்கோ, விளையாடுவம்."

வேட்டியைக்கூட மாற்றாமல் பாயில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் ஆடியதெல்லாம் பிழை. துரும்புச் சீட்டு எது என்பதை மறந்தார். மச்சாள் பிடித்த பிடியைத் தானே வெட்டினார். அம்மா விடுவாளா? "வெயில் தலைக்கேறிட்டுது" என்று கேலி பண்ணினாள். மச்சாள் மட்டும் சீட்டைப் பார்ப்பதும் ஐயாவின் நெற்றியைப் பார்ப்பதுமாக இருந்தாள். குளித்தால் விபூதி பூசாமல் ஒரு சொல் பேசமாட்டார் ஐயா. அந்த நெற்றி வெறுமையாகக் கிடந்தது.

அப்படியும் அவளே ஆட்டத்தை வென்றாள். இலையைச் சுருட்டி, நூல் கட்டி, அம்மாவின் காதில் பூட்டினாள். அம்மா வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். எனக்குரிய இலையைக் கையில் வைத்துக்கொண்டு மச்சாள் கேட்டாள்:

"மாமா, எங்கை முழுகினனீங்கள்?"

ஐயா சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினார்.

"கீரிமலைக் கேணியிலை, பிள்ளை."

"ஆர் சொன்னது?"

"அங்காலை ஒரு பெடியன் வந்திருக்கிறான். அவனோடை ஒண்டா இருந்தவன். யப்பான்காரன் றெயில்பாதை போடக் கொண்டுபோன இடத்திலை, சயாமிலை... காய்ச்சலாம்." கையிலிருந்த கட்டைப் பாயில் வைத்தார். "இண்டைக்கு ஒரு பொழுதெண்டாலும் நீ விளையாடட்டும் எண்டுதான் பிள்ளை..."

எங்கள் பக்கத்தில் நெருங்கிய உறவின் சாவுச் செய்தி எப்போது வந்தாலும், கேட்ட கையோடு உடுத்த துணியுடன் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார்கள். கீரிமலை அப்படிச் சாவுக் காரியங்களுக்கு முழுகும் இடம். ஐயா வாயைக் கட்டிக்கொண்டார், அந்த முழுக்கை விட அவரால் முடியவில்லை. முழுகாமல் வந்திருந்தால் அவளுக்கு இன்னும் ஒரு பொழுது கிடைத்திருக்குமே என்று இன்றைக்கும் மனதுக்குள் அவரோடு சண்டை பிடிக்கிறேன். பெற்ற பிள்ளையின் சாவுக்கு முழுகாமல் வா என்று எந்த வாயால் சொல்வது என்றும் நானே அடங்கிப்போகிறேன்.

அம்மா தரையில் அடித்துக் கதறினாள். சத்தம் கேட்டு, வேலிக்கு அப்பால் கதைத்தவர்களே முதலில் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், அம்மா மாரில் அடிக்க அடிக்க, அந்தப் பலாவிலை அவள் காதில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோர் கண்ணிலும் பட்டது. தொட ஒருவருக்கும் கை வரவில்லை.

அதுவரை பாயிலேயே இருந்த மச்சாள் எழுந்து வந்தாள். மாமியின் முகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நூலை அவிழ்த்து, இலையைக் கழற்றினாள். அதன்பிறகுதான் அவள் அழுதாள்.