கையைப் பார்க்காமல் போட்ட முத்திரை

டிராவல் ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைத் தேடி வந்து, "சார், நீங்க அனுப்பற ஆளுங்க ஏர்போர்ட்ல எங்கியும் நிக்காம போய்க்கினே இருப்பாங்களாமே, எப்படி சார்?" என்று கேட்பதுண்டு. அந்தப் பெயர் எனக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது ஒரு பெண்பிள்ளையின் தலையில் மண்ணைப் போட்டுவிட்டு நான் வாங்கிய பெயர். முழுக்கக் கேளுங்கள். அதற்குப் பிறகும் மெச்சத் தோன்றினால் மெச்சுங்கள்.

1. நாலு பெஞ்சு

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் எங்கள் ஆபீஸ். முதலாளி நாயுடு, கிளார்க் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு. கப்பல் டிக்கெட்தான் அதிகம் வரும். ஏரோப்ளேன் டிக்கெட் எப்போதாவது ஒன்று. அதில் போகிறவர்களில் பலர் பட்டணத்தையே பார்த்திராதவர்கள். மீனம்பாக்கத்தில் யூனிபாரம் போட்ட ஆபீசரைக் கண்டதும் வாயடைத்துப் போய் நிற்பார்கள்.

அதற்காக நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். ஆபீசில் இருந்த நாலு பெஞ்சையும் வரிசையாகப் போடுவேன். முதல் பெஞ்சு டிக்கெட்டும் எடையும். இரண்டாவது ஹெல்த். மூன்றாவது பாஸ்போர்ட். நாலாவது கஸ்டம்ஸ். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நானே போய் உட்கார்ந்து ஆபீசர் மாதிரி முறைப்பேன். எதிர்க் கடை அரிசி மண்டித் தராசில் மூட்டையை நிறுத்து, அதிகப்படியான ஊறுகாய் ஜாடிகளை எடுத்து வெளியே வைப்பேன். "எம் புள்ளைக்கு ஆசையா போட்டது சார்" என்று அழுவார்கள். நான் அசையமாட்டேன். எந்தக் காகிதம் எந்தக் கையில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் சொல்லி, நாலு தடவை நடக்க விடுவேன். நடந்து பழகியவர்களுக்குப் பயம் பாதி போய்விடும்.

2. கோவிந்தம்மாள்

எல்லை வழக்கு தீர்ந்து, ஊர்களை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரித்துக் கொடுத்த வருஷம். அதுவரை செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த பிச்சாட்டூர் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்கு வந்துவிட்டன. அப்படி வந்த ஒரு ஊரிலிருந்து கோவிந்தம்மாள் தன் தம்பி ஏகாம்பரத்தோடு ஆபீசுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நிலக்கடலை வெட்டுகிற நிலத்திலிருந்து நேராக வந்தவள்போல் காலெல்லாம் செம்மண்.

அவள் புருஷன் முனுசாமி சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நெஞ்சில் வியாதி முற்றிவிட்டது, நினைவு இருக்கும்போதே சம்சாரத்தை அனுப்பி வையுங்கள் என்று கூட வேலை செய்தவர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். கப்பலில் வந்தால் நாளாகிவிடும் என்று, தாங்களே சேர்ந்து ஏரோப்ளேன் டிக்கெட்டும் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அவள் பெஞ்சில் உட்காரவே இல்லை.

"தம்பி, அவரு கண்ணு தொறந்துகினு இருக்கும்போதே நான் போய் எதுக்க நிக்கணும். அதுக்கு இன்னா செய்யணுமோ நீ சொல்லு. தலைகீழா நடக்கச் சொன்னாலும் நடக்கறேன்."

பாஸ்போர்ட் இருந்தது. முன்னொரு தடவை கப்பலில் போவதற்கென்று எடுத்து, போகாமல் நின்று போனது. ஏகாம்பரத்துக்கு அதில்தான் கவலை. "சார், இதுல மெட்ராஸ் ஸ்டேட்டுன்னு போட்டுக்கீது. இப்போ எங்க ஊரு ஆந்திராவாயிடுச்சி. இது செல்லாதுன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க."

உள்ளேயிருந்து நாயுடு எழுந்து வந்தார். "நிஜமே கதா. பார்டர் கேஸ். அங்க நிறுத்திட்டா ஏம் சேஸ்தாவு, என்ன பண்ணுவே? தாசில்தார் கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடு, மொதல்ல அது."

பாஸ்போர்ட் அது பாட்டுக்குச் செல்லும். அந்த லெட்டர் தேவையே இல்லை. இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு ஊரே எல்லையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. எனக்கும் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அம்மை குத்திய மஞ்சள் புத்தகம் ஒன்று மட்டும் அவளிடம் இல்லை. அது இல்லாமல் வெளிதேசம் போக முடியாது. சின்ன வயதில் அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தபோது, அவள் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு கம்பங்கொல்லைக்குள் ஒளிந்துகொண்டாளாம். அந்தச் செவ்வாய்க்கிழமையே எங்களுக்கு வழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போனேன். குத்திவிட்டு அவர் சொன்னார்: "முதல் தடவைங்கறதால எட்டு நாள் கழிச்சு கொப்புளத்தைப் பாத்துட்டுத்தான் ரிசல்ட் எழுதுவேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை கூட்டிட்டு வா." விமானம் அந்த வியாழனுக்கு இரண்டாம் நாள், சனிக்கிழமை. நாள் சரியாக இருந்தது.

அன்றைக்கே நாலு பெஞ்சிலும் நடக்க விட்டேன். "அக்கா, கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லு. பொய் சொன்னா மாட்டிக்குவே" என்று சொல்லிக் கொடுத்தேன். சொன்னவன் நான்தான்.

3. வேப்பிலை கட்டிய வாசல்

வியாழக்கிழமை ஏகாம்பரம் தனியாக வந்து நின்றான்.

"அக்கா எங்கே?"

"கையில கொப்புளம் எழும்பி ஜொரம் வந்துடுச்சி சார். வாசல்ல வேப்பிலை கட்டிட்டோம். ரெண்டு தண்ணி ஊத்தியாச்சி. நாளைக்கு மூணாந் தண்ணி. அது ஊத்தாம வாசப்படி தாண்டக்கூடாது. நாளைக்கு ஊத்திட்டு அப்படியே மெட்ராஸ் பஸ் ஏத்திடறேன் சார்."

குத்திய கையில் கொப்புளம் வருவது மருந்து பிடித்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அதையும் அம்மையாகவே பாவித்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, தண்ணீர் ஊற்றும் வரை வீட்டோடு வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் எனக்கு வாதாட வாய் வரவில்லை. டாக்டரை எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து, ஒரு காரில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கே போயிருக்கலாம். ஆனால் தாசில்தார் லெட்டரைத் தருவதாகச் சொல்லியிருந்ததும் அதே வியாழக்கிழமைதான்.

டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் காலரா ஊசி கேம்புக்காக மலைமேல் போயிருந்தார். கம்பவுண்டர் மட்டும் இருந்தார். நல்ல மனிதர், என் மேல் பிரியம் உள்ளவர்.

"முதல் தடவைன்னு எழுதினா கையைப் பாக்கணும்யா. ரீவேக்ஸினேஷன்னு எழுதிடு, ரிசல்ட்டே வேணாம். டாக்டர் கையெழுத்துப் போட்டு வெச்ச புக் ரெண்டு இருக்கு" என்றார்.

ரீவேக்ஸினேஷன் என்றால் ஏற்கெனவே ஒரு தடவை குத்தியவருக்கு மறுபடியும் குத்துவது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எழுதுங்க" என்றேன். குத்திய தேதியை மட்டும் சரியாக எழுதி, முத்திரையைக் குத்திக் கொடுத்தார். நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போய் சாயங்காலம் வரை காத்திருந்து, தெலுங்கில் எழுதிய அந்த லெட்டரை வாங்கினேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு பூரிப்பு. தூ.

4. இரண்டாவது பெஞ்சு

சனிக்கிழமை காலை மீனம்பாக்கத்தில் இரண்டு பேரும் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். கோவிந்தம்மாள் தலை குளித்து, புதுப் புடவை கட்டி, கொண்டையில் வேப்பிலைக் கொழுந்து செருகியிருந்தாள். முகத்தில் மஞ்சள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு புருஷனைப் பார்க்கப் போகிற முகம் அது. நான் கையில் கொடுத்த காகிதங்களைப் பெஞ்சில் பழகியபடியே அடுக்கி வைத்துக்கொண்டாள்.

டிக்கெட், எடை எல்லாம் நிமிஷத்தில் முடிந்தது. அடுத்தது ஹெல்த். நான் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

ஆபீசர் புத்தகத்தைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். "கையைக் காட்டும்மா" என்றார்.

ஆபீசில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோதெல்லாம் நான் புத்தகத்தைத்தான் கேட்டிருக்கிறேன். கையை ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். மஞ்சள் பூச்சுக்கு அடியில் பெரிய பொருக்கு.

"இதுக்கு முன்னாடி எப்போ குத்திக்கிட்டே?"

"குத்திக்கினதே இல்ல சார். இதான் மொத தடவ" என்றாள் பளிச்சென்று.

நான் சொல்லிக் கொடுத்தபடியே உள்ளதைச் சொன்னாள். ஆபீசர் இன்னொரு கையையும் பார்த்தார். பழைய தழும்பு இல்லை. யார் எழுதிய புத்தகம் என்று கேட்டபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அமைதியாகத்தான் பேசினார்.

"நன்றாகப் பிடித்திருக்கிறது. பதினோரு நாள் ஆகிவிட்டது. உள்ளபடி எழுதி, ரிசல்ட்டைக் காலியாக விட்டுக் கொண்டுவந்திருந்தால்கூட நானே பார்த்து எழுதி அனுப்பியிருப்பேன். பொய் எழுதின புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது."

கையைப் பிடித்துக் கெஞ்சினேன். முனுசாமியைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சே பண்ணியிருக்கீங்களே" என்றார் கடைசியாக. தாசில்தார் லெட்டர் என் சட்டைப் பையில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

"இன்னா தம்பி சொல்றாரு?" என்று கேட்டாள்.

"கை இன்னும் ஆறலையாம் அக்கா. அடுத்த வாரம் போலாம்."

வாயில் வந்ததைச் சொன்னேன். விமானம் கிளம்புகிற வரைக்கும் தடுப்பை விட்டு நகராமல் நின்றாள். யாராவது மனசு மாறிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தச் சத்தம் தேய்ந்து போன பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். ஏகாம்பரம் வாய்விட்டு அழுதான். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை.

5. செவ்வாய்க்கிழமை தந்தி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முனுசாமி போய்விட்டார். ஆபீஸ் விலாசத்துக்குத்தான் தந்தி வந்தது. பிறகு கடிதமும் வந்தது. சனிக்கிழமை சம்சாரம் வருகிறாள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்களாம். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி, வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கருமாதி முடிந்து, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க அவளே வந்தாள். நான் எழுந்து நின்றேன். என்ன கேட்டாலும் ஒப்புக்கொள்வது, காலில் விழுவது என்று தீர்மானம் பண்ணி வைத்திருந்தேன். அவளோ என்னைத் தேற்றினாள்.

"நீ மனசுல ஒண்ணும் வெச்சிக்காதே தம்பி. நீ ஓடி ஓடி எவ்ளோ செஞ்சே. எம் மேலதான் தப்பு. மூணாந் தண்ணி ஊத்திக்கினு அன்னிக்கே வாசலத் தாண்டிட்டேன். ஒரு நாள் இருந்து கூழு ஊத்திட்டுக் கெளம்பியிருக்கணும். அவசரப்பட்டேன். ஆத்தாளுக்குப் பொறுக்கல. எம் புருஷன நானே வாரிக் குடுத்துட்டேன்."

நாயுடு என்னைப் பார்த்தார். நான் டிக்கெட்டை வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

அன்றிலிருந்து எதிரில் ஆள் இல்லாமல், கண்ணால் பார்க்காமல், எந்தத் தாளிலும் ஒரு வரி எழுத நான் விட்டதில்லை. குறையிருக்கிற காகிதத்தைக் குறையோடு காட்டுங்கள், நிரப்பிக் காட்டாதீர்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அப்படிச் செய்துதான் அந்தப் பெயரை வாங்கினேன்.

கோவிந்தம்மாள் அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தாள். ஒவ்வொரு ஆடியிலும் ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டு நெருப்பு மிதித்தாள் என்று ஏகாம்பரம் சொல்லக் கேட்டிருக்கிறேன். திருப்பதியிலிருந்து பிச்சாட்டூருக்குத் தினமும் பஸ் உண்டு. போய், "அக்கா, உம் மேல தப்பு இல்ல, எம் மேலதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சாகிற வரைக்கும் நான் போகவில்லை.