மூக்கு வைத்த சூரியன்

கலையரசிக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று விழுப்புரத்தில் நாய் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொன்ன கையோடு, அந்தம்மா பிடித்தால்தான் எங்கள் நாய் ஊசிக்கு நிற்கும் என்றும் சொல்வார்கள். வீடு திண்டிவனத்தில். தினமும் காலை ரயிலில் வந்து, டாக்டர் ஆர்த்தியின் கால்நடை கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக உதவியாளாக இருக்கிறாள். கடிக்க வருகிற நாயை அமுக்குவது, பூனையைத் துண்டில் சுற்றுவது, மருந்தைக் கொடுத்து எப்படிப் போடுவது என்று விளக்குவது எல்லாம் அவள்தான். நர்ஸ் படிப்பு படித்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் அவள் நர்சம்மா.

கோபம் நியாயமான கோபம்தான். கண் நோவென்று அங்கே வருகிற பிராணிகளைப் பார்த்தால் உங்களுக்கும் வரும். ஒருத்தர் புகையிலையை மென்று நாயின் கண்ணில் துப்பிவிட்டு வருவார். இன்னொருத்தர், மாமியாருடைய கண்புரை ஆபரேஷனுக்கு வாங்கிய சொட்டு மருந்து ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்தது என்று பூனைக்கு ஊற்றியிருப்பார். கண் அவித்த முட்டை மாதிரி வெளுத்த பிறகுதான் கிளினிக் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். "ஏன்யா, உன் கண்ணா இருந்தா துப்புவியா?" என்று கலையரசி கேட்கிற சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மருந்துப் பெட்டியின் அட்டையில் அவள் படம் போட்டுக் கொடுப்பாள். காலைக்கு அரை வட்டம், மதியத்துக்கு முழு வட்டம், ராத்திரிக்குப் பிறை. அந்த முழு வட்டத்துக்கு மட்டும் இரண்டு கண்ணும் நீளமாக ஒரு மூக்கும் வைப்பாள். எதற்கு மூக்கு என்று டாக்டர் ஒருநாள் கேட்டதற்கு, "சும்மா கெடக்கட்டுமே மேடம்" என்று அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை வீரம்மாள் வந்தாள். கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காணி நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டிருப்பவள். புருஷன் இல்லை, பெற்ற மகளும் வெளியூரில். அந்தக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்காமல் காவல் காப்பது செவலை என்கிற நாய் ஒன்றுதான். குட்டியாக இருந்தபோதே முள் குத்தி அதற்கு வலது கண் போய்விட்டது. இப்போது சாக்குத் துணியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டு வந்திருந்தது அதன் இடது கண்ணுக்காக.

மேசையில் ஏற்றி கலையரசி தலையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயத் தாள் ஒன்றை ஈரமாக்கி இமைக்குள் தொட்டு எடுத்து, கண்ணைக் கழுவிவிட்டு, நீல விளக்கை அடித்தார். கருவிழியில் புண் இருந்தால் அந்தச் சாயம் அங்கே பச்சையாக ஒட்டிக்கொள்ளும். செவலையின் கருவிழியில் பாதி பச்சையாக மின்னியது. நடுவில் கஞ்சி ஆடை மாதிரி குழைந்திருந்தது.

"என்ன மருந்து போட்டீங்க?" என்றார் டாக்டர்.

வீரம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன பாட்டிலை நீட்டினாள். "வேலி முள்ளு கீச்சி செவந்து கெடந்துச்சிம்மா. அஞ்சு நாளா ஊத்திக்கினு இருக்கேன்."

டாக்டர் பாட்டிலைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இது ஸ்டீராய்டு சொட்டு. புண்ணு இல்லாம வெறும் செவப்பு மட்டும் இருந்தா இது மருந்து. புண்ணு இருக்கற கண்ணுல ஊத்துனா விஷம். கருவிழியையே கரைச்சுடும்."

அவ்வளவுதான், கலையரசி பிடித்துக்கொண்டாள். "படிச்சுப் படிச்சு சொல்றோமே, ஒருத்தருக்காவது காதுல ஏறுதா? இருக்கறது ஒத்தக் கண்ணு. அதையும் நீயே நோண்டி எடுத்துட்டியேம்மா! எவ சொன்னா உனக்கு இத ஊத்தச் சொல்லி? அவளக் கூப்புடு, அவ கண்ணுல நான் ஊத்துறேன்!" வெளியே பெஞ்சில் காத்திருந்த ஐந்தாறு பேர் எட்டிப் பார்த்தார்கள். வீரம்மாள் கலையரசியின் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தாள், பிறகு நாயின் முதுகைத் தடவிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்த மெடிக்கல்ல குடுத்தான்? அதையாவது சொல்லு."

"கண்டாச்சிபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கடை. வுடும்மா, அவன் மேல ஒண்ணும் தப்பு இல்ல."

விட்டுவிடு என்று சொன்னது கலையரசிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

செவலையை கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டார்கள். கருவிழி மேலும் கரையாமல் இருக்க, அதன் காலிலிருந்தே ரத்தம் எடுத்து இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கிற நீரைச் சொட்டு மருந்தாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் விட்டார்கள். இடையிடையே கிருமிக்கான மருந்தும் விட்டார்கள். காலால் பிறாண்டாமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினார்கள். கலையரசி மூன்று நாள் திண்டிவனம் ரயிலை விட்டுவிட்டு அங்கேயே கிடந்தாள். ஒவ்வொரு முறை இமையைப் பிரிக்கும்போதும் செவலை அவளைப் பார்த்து உறுமும். "உறுமாத, உன் நல்லதுக்குத்தான்" என்று அதையும் அதட்டுவாள். வியாழக்கிழமை காலை கருவிழி ஓட்டையாகி உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. மதியம் டாக்டர் கண்ணை எடுத்து இமைகளைச் சேர்த்துத் தைத்தார். ஞாயிறன்று வீரம்மாள் வந்து அதே சாக்கில் நாயைச் சுற்றி எடுத்துப் போனாள்.

கலையரசி அடுத்த புதன்கிழமை லீவு போட்டுவிட்டு கண்டாச்சிபுரத்துக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் அந்த மெடிக்கல்காரனை என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் திட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். பஸ் ஸ்டாண்டு கடையில் கூட்டம் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். நாலு பேர் கேட்கட்டும்.

"டாக்டர் சீட்டு இல்லாம ஸ்டீராய்டு சொட்டு குடுத்து ஒரு நாய்க்குக் கண்ணே போயிடுச்சு. நீயெல்லாம் கடை வெச்சிக்கினு இருக்கியா?"

கடைக்காரர் பயப்படவில்லை. "சீட்டு இல்லாம இல்லக்கா. அந்தம்மா மருந்து அட்டையக் காட்டுச்சு. அன்னிக்கி ஸ்டாக் இல்ல, அட்டையக் குடுத்துட்டுப் போ, வரவெச்சித் தர்றேன்னேன்." இழுப்பறையைத் துழாவி மருந்தின் பெயர் அச்சடித்த ஒரு கிழிந்த அட்டைத் துண்டை எடுத்து வைத்தார். "கோலியனூர்ல அவங்க தங்கச்சி வீட்டு நாய்க்கு நல்லா கேட்ட மருந்தாம். உங்க கிளினிக்ல குடுத்ததுன்னு சொன்னாங்க. நீங்களே பாருங்க."

அரை வட்டம், முழு வட்டம், பிறை. முழு வட்டத்துக்கு இரண்டு கண்ணும் நீளமாக ஒரு மூக்கும் இருந்தன.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோலியனூர் நாய் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளைக் குட்டை நாய், ஒவ்வாமையில் சிவந்த கண். டாக்டர் சாயம் வைத்துப் பார்த்து, புண் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த மருந்தை எழுதினார். அட்டையை நீட்டியபோது இவள்தான் சொன்னாள், அன்றைக்குக் கூட்டம் அதிகம், எரிச்சலில் சொன்னாள்: "மறுபடி செவந்தா இதையே வாங்கி ஊத்துங்க. சும்மா சும்மா வண்டி கட்டிக்கினு வராதீங்க." அந்தப் பேச்சும் அந்த அட்டையும் இத்தனை நாள் எத்தனை வீடு சுற்றியிருக்குமோ, யாருக்குத் தெரியும். கடையில் நின்றவர்கள் அவள் இன்னும் திட்டுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அட்டையை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

வீரம்மாள் கொல்லையில் மல்லாட்டைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வேப்பமர நிழலில் செவலை கட்டாமலே படுத்திருந்தது. கலையரசி அட்டையை நீட்டினாள்.

"இந்தப் படத்தப் போட்டது நாந்தான்."

"தெரியுமே" என்றாள் வீரம்மாள். "நர்சம்மா போட்ட சூரியன்னு தங்கச்சி சொல்லித்தான குடுத்தா. அத நம்பித்தான ஊத்துனேன்."

"அப்ப அன்னிக்கி அத்தினி பேரு முன்னால அந்தத் திட்டு திட்டுனேனே. எவ சொன்னான்னு கேட்டனே. ஏன் வாயத் தொறக்கல?"

"டாக்டரம்மா பக்கத்துல நின்னுக்கினு இருந்தாங்களே. உன்ன வேலைய வுட்டு எடுத்துட்டா?" வீரம்மாள் காயிலிருந்து கையை எடுக்கவில்லை. "கண்ணு போனது போயிடுச்சி. இன்னொருத்தி பொழப்பயும் எதுக்குக் கெடுக்கணும்?"

கலையரசிக்கு ஆத்திரம் பொங்கியது. வீரம்மாள் திருப்பித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நாயின் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். செவலை மூக்கைத் தூக்கி மோந்தது. அவள் யாரென்று தெரிந்ததும் தைத்த இமைகளோடு தலையை நேராக அவள் பக்கம் திருப்பி, பல்லைக் காட்டி உறுமியது.

"ஏய், கம்முனு கெட!" என்று அதட்டினாள் வீரம்மாள்.

"வுடும்மா" என்றாள் கலையரசி, நீட்டிய கையை இழுக்காமல். "அதாச்சும் உறுமட்டும்."